மொபைல் நம்பரை அப்படியே 'நெட் கால்' சேவைக்கு போர்ட் செய்ய முடியுமா? வடக்கனந்தல் வீட்டுக்கும் உதவும் முழு விளக்கம்

கள்ளக்குறிச்சியில் இருந்து கச்சிராயபாளையம் சாலையில் போனால், கல்வராயன் மலை பெரிதாகத் தெரியத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது வடக்கனந்தல் பேரூராட்சி. கரும்பு, நெல், மரவள்ளி விளையும் மலையடிவாரம். பக்கத்தில் கோமுகி அணை. அங்கிருந்து வெள்ளிமலைக்கு ஏறினால், வளைவுக்கு வளைவு போனில் சிக்னல் கோடுகள் குறையும். மலைப் பக்கம் போய் வருபவர்களுக்கு இது பழகிப்போன விஷயம்.

இந்தப் பகுதியில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மகனுக்குச் சென்னையில் வேலை. அம்மா ஊரில். வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்துவிட்டது, வைஃபை நன்றாகவே ஓடுகிறது. ஆனால், கூடத்துக்குள் நுழைந்தால் சிம் சிக்னல் காணாமல் போய்விடுகிறது. "ஒண்ணுமே கேக்கல, மாடிக்கு வாம்மா" என்று மகன் சொல்வதும், "இருப்பா, ஏறிக்கிட்டு இருக்கேன்" என்று அம்மா சொல்வதும் தினசரி நடப்பது.

அதே அம்மாவிடம் வாட்ஸ்அப் காலில் பேசினால் குரல் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் பேங்க் ஓ.டி.பி., கேஸ் புக்கிங், ரேஷன் கடை மெசேஜ், ஆதார் என்று எல்லாமே அந்த சிம் நம்பரில்தான் இருக்கிறது. வாட்ஸ்அப் இல்லாத உறவுக்காரர்களும் அந்த நம்பருக்குத்தான் கூப்பிடுகிறார்கள்.

அப்போ, அந்த 10 இலக்க நம்பரையே இன்டர்நெட் வழியாகப் பேசும் ஒரு சேவைக்கு மாற்றிவிட முடியாதா? அமெரிக்காவில் இருக்கும் நண்பர்கள் 'கூகுள் வாய்ஸுக்கு நம்பரை போர்ட் பண்ணிட்டேன்' என்று சொல்கிறார்களே, இங்கே ஏன் அது இல்லை?

சுருக்கமான பதில் இதுதான். இந்தியாவில் ஒரு மொபைல் நிறுவனத்திடம் இருந்து இன்னொரு மொபைல் நிறுவனத்துக்கு நம்பரைக் கொண்டுபோகலாம். சிம் இல்லாமல், ஆப் மூலம் மட்டும் இயங்கும் இணைய அழைப்பு நிறுவனத்துக்குக் கொண்டுபோகும் நடைமுறை இல்லை. ஆனால் அந்த அம்மாவின் பிரச்னைக்கு போர்ட்டே தேவையில்லாத ஒரு தீர்வு, பெரும்பாலும் அவருடைய போனுக்குள்ளேயே இருக்கிறது.

விரிவாகப் பார்ப்போம்.

போர்ட் என்றால் என்ன? எப்போது வந்தது?

மொபைல் நிறுவனத்தை மாற்றினாலும் நம்பரை மாற்றாமல் வைத்துக்கொள்ளும் வசதிதான் 'மொபைல் நம்பர் போர்ட்டபிலிட்டி'. சுருக்கமாக எம்.என்.பி. உலகில் முதன்முதலில் 1997-ல் சிங்கப்பூர் இதைக் கொண்டுவந்தது. இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய், இதற்கான விதிகளை 2009 செப்டம்பரில் வெளியிட்டது. 2010 நவம்பர் 25 அன்று ஹரியானாவில் முதலில் தொடங்கி, 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது.

அப்போது ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் மட்டும்தான் மாற முடியும். தமிழ்நாட்டு நம்பரை வைத்துக்கொண்டு கர்நாடக வட்டத்துக்கு மாற முடியாது. 2015 ஜூலை 3 முதல் அந்தத் தடையும் நீங்கியது.

வடக்கனந்தலில் இருந்து வேலைக்குப் போகிறவர்களுக்கு இதில் ஒரு சின்ன கணக்கு இருக்கிறது. சென்னையும் புதுச்சேரியும் தமிழ்நாடு வட்டத்துக்குள்தான் வருகின்றன. பெங்களூரு வேறு வட்டம். வட்டத்துக்குள் போர்ட் என்றால் 3 வேலை நாட்கள். வேறு வட்டத்துக்கு என்றால் 5 வேலை நாட்கள். நிறுவனங்களின் பெயரில் இருக்கும் கார்ப்பரேட் நம்பர்களுக்கும் 5 வேலை நாட்கள்தான்.

இந்தியாவில் இதுவரை வந்த போர்ட் கோரிக்கைகளின் மொத்த எண்ணிக்கை 2024-லேயே 100 கோடியைத் தாண்டிவிட்டது. ஒரே நபர் பலமுறை மாறியதும் இதில் அடக்கம்.

பின்னணியில் என்ன நடக்கிறது?

ஒரு காலத்தில் மொபைல் நம்பரின் முதல் சில இலக்கங்களைப் பார்த்தாலே எந்த நிறுவனம் என்று சொல்லிவிடலாம். போர்ட் வசதி வந்த பிறகு அப்படிச் சொல்ல முடியாது. அப்படியானால் நீங்கள் போட்ட கால், சரியான நிறுவனத்துக்கு எப்படிப் போய்ச் சேருகிறது?

வீடு மாறிப் போனவருக்குப் பழைய முகவரியில் கடிதம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர்த் தபால்காரரிடம் புது முகவரி இருந்தால், அதை அங்கே திருப்பி அனுப்பிவிடுவார். போர்ட் ஆன நம்பர்களுக்கும் இப்படி ஒரு பெரிய பதிவேடு இருக்கிறது. எந்த நம்பர் இப்போது எந்த நிறுவனத்திடம் இருக்கிறது என்ற விவரம் அந்தத் தரவுத்தளத்தில் இருக்கும். நீங்கள் அழைக்கும் நொடியில் உங்கள் நிறுவனத்தின் கணினி அதைப் பார்க்கும். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வட்டவாரியாக ஒரு வழிகாட்டும் குறியீட்டு எண் உண்டு. அந்தக் குறியீட்டைச் சேர்த்து அழைப்பைச் சரியான இடத்துக்கு அனுப்பிவிடும். இதெல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை.

இந்தப் பதிவேட்டைப் பராமரிப்பது மொபைல் நிறுவனங்கள் அல்ல. இதற்கென்றே உரிமம் பெற்ற இரண்டு நிறுவனங்கள் இருக்கின்றன. வடக்கு, மேற்கு மாநிலங்களுக்கு சினிவர்ஸ். தமிழ்நாடு உட்பட தெற்கு, கிழக்கு மாநிலங்களுக்கு எம்.என்.பி. இன்டர்கனெக்‌ஷன் டெலிகாம் சொல்யூஷன்ஸ். உங்கள் போர்ட் கோரிக்கையைச் சரிபார்ப்பதும் இவர்கள்தான்.

முன்பு போர்ட் கோடை நீங்கள் விலகப்போகும் பழைய நிறுவனமே கொடுத்துவந்தது. 2019 டிசம்பர் 16-ல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளில் அந்தப் பொறுப்பு இந்த நடுநிலை நிறுவனங்களுக்கு மாற்றப்பட்டது.

மொபைல் டு மொபைல் போர்ட்: ஸ்டெப் பை ஸ்டெப்

1. உங்கள் போனில் இருந்து ஆங்கிலத்தில் 'போர்ட்' என்று டைப் செய்து, ஒரு இடைவெளி விட்டு, உங்கள் 10 இலக்க நம்பரைச் சேர்த்து 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும். உங்கள் ரீசார்ஜ் பிளானில் எஸ்.எம்.எஸ். இல்லையென்றாலும் இதற்குத் தடை இருக்கக்கூடாது என்று 2021 டிசம்பரில் ட்ராய் உத்தரவிட்டிருக்கிறது.

2. தகுதி இருந்தால், 8 எழுத்து-எண் கொண்ட யு.பி.சி. கோடு மெசேஜில் வரும். தமிழ்நாட்டில் இது 4 நாட்கள் செல்லும்.

3. அந்தக் கோடு, அடையாள ஆவணத்துடன் நீங்கள் மாற விரும்பும் நிறுவனத்தின் கடைக்குப் போக வேண்டும். கே.ஒய்.சி. முடிந்ததும் புது சிம் தருவார்கள். போர்ட் கட்டணம் சில ரூபாய்தான். பல நேரங்களில் புது நிறுவனமே அதை ஏற்றுக்கொள்கிறது.

4. மனசு மாறிவிட்டதா? கோரிக்கை கொடுத்த 24 மணி நேரத்துக்குள் ஆங்கிலத்தில் 'கேன்சல்' என்று டைப் செய்து, நம்பரைச் சேர்த்து அதே 1900-க்கு அனுப்பினால் போதும்.

5. எந்த நாளில், எந்த நேரத்தில் மாற்றம் நடக்கும் என்று மெசேஜ் வரும். மாறும் நேரத்தில் சில மணி நேரம் சேவை இருக்காது. பழைய சிம்மில் சிக்னல் போனதும் புது சிம்மைப் போட வேண்டியதுதான்.

ப்ரீபெய்டில் மிச்சம் இருக்கும் பேலன்ஸும் வேலிடிட்டியும் புது நிறுவனத்துக்கு வராது. எனவே ஒரு வருட ரீசார்ஜ் போட்ட கையோடு போர்ட் செய்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

யு.பி.சி. வராமல் போவது ஏன்?

புது சிம் வாங்கியோ, கடைசியாக போர்ட் செய்தோ 90 நாட்கள் முடிந்திருக்க வேண்டும். போஸ்ட்பெய்டு என்றால் கட்ட வேண்டிய தேதி தாண்டிய பில் பாக்கி இருக்கக்கூடாது. நம்பரின் உரிமையாளர் பெயரை மாற்றும் வேலை பாதியில் இருக்கக்கூடாது. நம்பர் தொடர்பாக நீதிமன்றத்தில் வழக்கு இருக்கக்கூடாது.

2024 ஜூலை 1 முதல் இன்னொரு நிபந்தனையும் சேர்ந்திருக்கிறது. சிம் தொலைந்தோ, பழுதாகியோ அதே நம்பருக்கு மாற்று சிம் வாங்கியிருந்தால், 7 நாட்களுக்கு யு.பி.சி. கிடைக்காது. வேறொருவர் உங்கள் பெயரில் மாற்று சிம் எடுத்து, உடனே நம்பரை வேறு நிறுவனத்துக்குக் கடத்திவிடாமல் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

90 நாள் விதியை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தியபோது பல லட்சம் பேர் பி.எஸ்.என்.எல்.-க்கு மாறினார்கள். எந்த நிறுவனமாக இருந்தாலும், மாறிய பிறகு வீட்டில் சிக்னல் சரியில்லை என்று தெரிந்தால், 90 நாட்கள் காத்திருந்துதான் அடுத்த போர்ட்டுக்குப் போக முடியும். அதனால் மலையடிவார ஊர்களில் இருப்பவர்கள், போர்ட் செய்வதற்கு முன் அந்த நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் போனைத் தங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து ஒருமுறை பேசிப் பார்ப்பது நல்லது. இதற்குச் செலவும் இல்லை.

அமெரிக்காவில் மட்டும் எப்படி முடிகிறது?

அமெரிக்காவில் மொபைல் நம்பர் போர்ட் வசதி 2003 நவம்பர் 24-ல் தொடங்கியது. அங்கே லேண்ட்லைன் நம்பரை மொபைலுக்கும், மொபைல் நம்பரை லேண்ட்லைனுக்கும்கூட மாற்ற முடியும். 2007-ல் அந்நாட்டின் தொலைத்தொடர்பு ஆணையம் இன்னொரு கதவைத் திறந்தது. சாதாரண போன் நெட்வொர்க்கோடு இணைந்த இணைய அழைப்பு நிறுவனங்களும் நம்பரை உள்ளே ஏற்றுக்கொள்ளவும், வெளியே விடவும் வேண்டும் என்று உத்தரவிட்டது.

அதனால்தான் அங்கே ஒருவர் தன் மொபைல் நம்பரை கூகுள் வாய்ஸுக்கு மாற்ற முடிகிறது. கட்டணம் 20 டாலர். பழைய நிறுவனத்தின் கணக்கு எண்ணையும், நம்பரை மாற்றுவதற்கான பின் எண்ணையும் கொடுத்தால், மீதி வேலையைப் புது நிறுவனம் பார்த்துக்கொள்ளும். வேலை முடியும்வரை பழைய கனெக்‌ஷனை ரத்து செய்யக்கூடாது. ரத்து செய்தால் போர்ட் செய்ய நம்பரே இருக்காது. இந்த விதி எந்த நாட்டுக்கும் பொருந்தும்.

ஆனால் அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. இணைய அழைப்பு எண்களைச் சில வங்கிகளும் ஆப்களும் அடையாளச் சரிபார்ப்புக்கு ஏற்பதில்லை. நம்பர் கையில் இருக்கும், ஓ.டி.பி. மட்டும் வராது.

இந்திய நம்பரை கூகுள் வாய்ஸுக்கு மாற்ற முடியாது என்பதையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தியாவில் ஏன் இல்லை?

தொழில்நுட்பம் இல்லாததால் என்று நினைத்தால் அது தவறு. 2016 செப்டம்பரில் சேவையைத் தொடங்கிய ஜியோ, முழுக்க 4ஜி நெட்வொர்க். அதில் பேசும் ஒவ்வொரு காலும் வோல்ட்இ முறையில், டேட்டா பொட்டலங்களாகத்தான் போகிறது. மற்ற நிறுவனங்களின் 4ஜி அழைப்புகளும் இன்று அப்படித்தான். அதாவது, நீங்கள் சாதாரணமாகப் போடும் காலே ஒரு வகையில் நெட் கால்தான்.

அப்போ வித்தியாசம் எங்கே இருக்கிறது? உரிமத்தில் இருக்கிறது.

இந்தியாவில் 2002 ஏப்ரல் 1 முதல் இணைய அழைப்புக்கு அனுமதி உண்டு. ஆனால் கணினியில் இருந்து கணினிக்கு, கணினியில் இருந்து வெளிநாட்டு போனுக்கு என்று பல கட்டுப்பாடுகளோடுதான். இணைய அழைப்பில் இருந்து உள்நாட்டு மொபைலுக்கோ, லேண்ட்லைனுக்கோ பேச வழி இல்லாமல் இருந்தது. 2017 அக்டோபரில் ட்ராய் பரிந்துரை செய்து, 2018 ஜூனில் தொலைத்தொடர்புத் துறை அதை ஏற்ற பிறகுதான் நிலைமை மாறியது. அதிலும், முறையான தொலைபேசி உரிமம் பெற்ற நிறுவனங்கள் மட்டுமே நம்பர் கொடுத்து இணைய அழைப்புச் சேவை நடத்தலாம் என்பதுதான் நிபந்தனை.

அந்த வாய்ப்பை முதலில் பயன்படுத்தியது பி.எஸ்.என்.எல். 2018 ஜூலையில் 'விங்ஸ்' என்ற சேவையை அறிவித்தது. சிம் வேண்டாம். ஆப் இருந்தால் போதும். ஆண்டுக் கட்டணம் 1,099 ரூபாய். எந்த வைஃபையில் இருந்தும் எந்த போனுக்கும் பேசலாம். ஆனால், அதில் கிடைத்தது புது நம்பர். உங்கள் பழைய மொபைல் நம்பரை அதற்குள் கொண்டுபோகும் ஏற்பாடு இல்லை.

காரணம், இந்தியாவின் போர்ட் விதிகள் மொபைல் நம்பருக்காக மட்டும் எழுதப்பட்டவை. லேண்ட்லைன் நம்பரையே வேறு நிறுவனத்துக்கு போர்ட் செய்யும் நடைமுறை இங்கே இல்லை. கள்ளக்குறிச்சியின் 04151 கோடில் தொடங்கும் ஒரு பழைய லேண்ட்லைன் நம்பரை இன்னொரு நிறுவனத்தின் ஃபைபர் இணைப்புக்குக் கொண்டுபோக முடியாது. அதே நிறுவனத்துக்குள் பழைய செம்புக் கம்பியில் இருந்து ஃபைபருக்கு மாறும்போது நம்பரைத் தக்கவைக்க வாய்ப்பு உண்டு. விண்ணப்பிக்கும்போதே அதைக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

வாட்ஸ்அப், டெலிகிராம் போன்றவற்றுக்கு நம்பர் வழங்கும் உரிமமே கிடையாது. உங்கள் நம்பரை ஒரு அடையாளமாக மட்டும்தான் அவை பயன்படுத்துகின்றன. 'வாட்ஸ்அப்புக்கு போர்ட்' என்று ஒன்று கிடையாது. அதனால்தான் நிறுவனத்தை மாற்றினாலும் வாட்ஸ்அப் கணக்கும் சாட்களும் அப்படியே இருக்கின்றன.

அந்த அம்மாவுக்கு என்ன வழி?

வைஃபை காலிங். சிலர் இதை வோ-வைஃபை என்றும் சொல்வார்கள்.

டவர் சிக்னல் இல்லாத இடத்தில், உங்கள் போன் வீட்டு வைஃபை வழியாக மொபைல் நிறுவனத்தின் நெட்வொர்க்கோடு பாதுகாப்பான ஒரு தனிப் பாதையை அமைத்துக்கொள்ளும். போனுக்குள் இருக்கும் சிம், 'இந்த நம்பர் நான்தான்' என்று அடையாளம் காட்டும். பிறகு சாதாரண டயலரில் இருந்தே பேசலாம். எதிரில் இருப்பவருக்கு ஆப் வேண்டாம், நெட் வேண்டாம். பட்டன் போனாக இருந்தாலும் ரிங் போகும். நம்பர் அதே நம்பர். தனிக் கட்டணமும் இல்லை. இருக்கும் பிளானிலேயே கால் போகும்.

இந்தியாவில் ஏர்டெல் 2019 டிசம்பரிலும், ஜியோ 2020 ஜனவரியிலும் இதைத் தொடங்கின. வோடஃபோன் ஐடியாவும் பிறகு கொண்டுவந்தது. 2026 ஜனவரியில் நாடு முழுவதும் இந்தச் சேவையைத் தொடங்குவதாக பி.எஸ்.என்.எல். அறிவித்தது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். போனில் செட்டிங்ஸ் போய், சிம் அல்லது மொபைல் நெட்வொர்க் பகுதியில் 'வைஃபை காலிங்' என்பதை ஆன் செய்ய வேண்டும். கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் டைப் செய்தால் வந்துவிடும். வோல்ட்இ-யும் ஆனில் இருக்க வேண்டும். ஆன் ஆனதும், வைஃபையில் இருக்கும்போது திரையின் மேலே அதற்கான அடையாளம் தெரியும். வேலை செய்கிறதா என்று பார்க்க, ஏரோபிளேன் மோடைப் போட்டு, வைஃபையை மட்டும் திரும்ப ஆன் செய்து ஒரு கால் போட்டுப் பாருங்கள். கால் போனால், இனி மாடிக்கு ஏற வேண்டியதில்லை. ஓ.டி.பி. மெசேஜும் பெரும்பாலும் இதே வழியில் வந்துவிடும். வங்கி மெசேஜ் ஒன்றை வரவழைத்து அதையும் சோதித்துக்கொள்ளலாம்.

இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, எல்லா மாடல் போன்களிலும் இந்த வசதி இருக்காது. பழைய போனாக இருந்தால் முதலில் சரிபார்க்க வேண்டும். இரண்டு, கரன்ட் போனால் வைஃபையும் போகும், காலும் போகும். மழைக்காலத்தில் அடிக்கடி மின்தடை ஏற்படும் வீடுகளில் ரவுட்டருக்கு ஒரு சின்ன பேட்டரி பேக்கப் வைத்துக்கொள்வது உதவும்.

இதற்கு அடிப்படை, வீட்டுக்கோ ஊருக்கோ ஃபைபர் வருவதுதான். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழைக் கேபிள் மூலம் இணைக்கும் பாரத்நெட் பணியை அரசு நிறுவனமான டான்ஃபிநெட் செய்துவருகிறது. டவரே இல்லாத கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோக, 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை 26,316 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. நாடு முழுக்க 24,680 கிராமங்கள் அதன் இலக்கு. மலைக் கிராமங்களுக்கு டவர், ஃபைபர் இரண்டில் எது முதலில் வந்தாலும் பலன்தான். ஃபைபர் முதலில் வந்தால், வைஃபை காலிங் தெரிந்தவர்களுக்கு அன்றைக்கே போன் பேச வழி கிடைத்துவிடும்.

தொழில் செய்பவர்களுக்கு?

ஊரில் இருந்தபடியே ஆன்லைனில் வியாபாரம் செய்யும் இளைஞர்கள், 'ஒரே நம்பர், மூணு பேர் அட்டெண்ட் பண்ணணும்' என்று கேட்பதுண்டு. இதற்கு எக்ஸோடெல் போன்ற கிளவுட் டெலிபோனி நிறுவனங்கள் இருக்கின்றன. ஜூம் நிறுவனமும் இந்தியாவில் உரிமம் பெற்று, 2024-ல் புனேயில் தொடங்கி ஜூம் போன் சேவையைக் கொண்டுவந்தது. இவற்றில் கிடைப்பது அந்தச் சேவைக்கான தனி நம்பர். விசிட்டிங் கார்டில் ஏற்கெனவே அச்சடித்த மொபைல் நம்பரை அதற்கு மாற்ற முடியாது. ஆனால் அந்த மொபைலில் கால் ஃபார்வர்டிங் போட்டு, வரும் அழைப்புகளைப் புது நம்பருக்குத் திருப்பலாம். சிம்மை மட்டும் ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருக்க வேண்டும்.

வெளிநாடு போகிறவர்களும் இதே தவறைத்தான் செய்கிறார்கள். 'இனி எல்லாம் வாட்ஸ்அப்தானே' என்று இந்திய சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து பேங்க் ஓ.டி.பி. தேவைப்படும்போதுதான் நம்பர் கைவிட்டுப் போனது தெரிகிறது. போவதற்கு முன்பே நெட்பேங்கிங்கில் இமெயிலைச் சேர்ப்பது, வெளிநாட்டில் வைஃபை காலிங்கிற்கும் ரோமிங்கிற்கும் என்ன விதி என்று தங்கள் நிறுவனத்திடம் கேட்பது அவசியம்.

நம்பர் போனால் என்ன போகும்?

தமிழ்நாட்டுக்கு இந்தப் பாடம் 2018-லேயே கிடைத்துவிட்டது. 1999-ல் தமிழ்நாட்டில் தொடங்கி, இங்கே வீட்டுக்கு வீடு இருந்த ஏர்செல், அந்த ஆண்டு பிப்ரவரியில் தடுமாறத் தொடங்கியது. மாநிலம் முழுக்கப் பல இடங்களில் ஒரே நாளில் சிக்னல் போனது. நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போனது. போர்ட் செய்து தப்பிக்கலாம் என்று பார்த்தால், 1900-க்கு மெசேஜ் அனுப்பவே சிக்னல் வேண்டும். பல வருடமாக வைத்திருந்த நம்பரைக் காப்பாற்ற, மக்கள் கடைகளின் முன் வரிசையில் நின்றார்கள். சிக்னல் கிடைக்கும் இடம் தேடி அலைந்தார்கள்.

நெட்வொர்க் இருக்கும்போதே போர்ட் செய்ய வேண்டும் என்பது அன்றைக்குப் பலர் கற்றுக்கொண்ட விஷயம்.

இன்னொரு விஷயமும் பலருக்குத் தெரிவதில்லை. நம்பர் நம்முடைய சொத்து கிடையாது. அதைப் பயன்படுத்தும் உரிமைதான் நமக்கு இருக்கிறது. சேவை துண்டிக்கப்பட்ட நம்பர், குறைந்தது 90 நாட்களுக்குப் பிறகு வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம். 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் வந்த ஒரு வழக்கில் ட்ராய் இதைத்தான் சொன்னது. அந்தப் புதியவருக்கு உங்கள் பழைய நம்பரோடு, அதற்கு வரும் வங்கி மெசேஜ்களும் சேர்ந்து போகும். நம்பரை விடுவதாக இருந்தால் வங்கி, ஆதார், கேஸ், ரேஷன் கார்டு, வாட்ஸ்அப் எல்லாவற்றிலும் முதலில் புது நம்பரை மாற்றிவிட வேண்டும்.

இதைத் தெரிந்தவர்கள் மோசடிக்காரர்களும்தான். 'உங்க நம்பரை இன்டர்நெட் காலுக்கு ஃப்ரீயா மாத்தித் தர்றோம், வர்ற கோடை மட்டும் சொல்லுங்க' என்று யாராவது பேசினால் உடனே கட் செய்துவிடுங்கள். அப்படி ஒரு சேவையே இங்கே இல்லை என்பதைத்தான் இவ்வளவு நேரம் பார்த்தோம். யு.பி.சி. கோடு என்பது வீட்டுச் சாவி மாதிரி. புது நிறுவனத்தின் கடையில், உங்கள் கண் முன்னால் தவிர வேறு எங்கும் அதைச் சொல்லக்கூடாது. நீங்கள் கேட்காமலேயே யு.பி.சி. கோடு மெசேஜ் வந்தால், யாரோ முயற்சி செய்கிறார்கள் என்று அர்த்தம். உடனே உங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் மையத்தைத் தொடர்புகொள்ள வேண்டும். காரணமே இல்லாமல் சிக்னல் போய், வைஃபையும் மற்றவர்களின் போனும் ஒழுங்காக இருந்தால் அதையும் சந்தேகப்பட வேண்டும். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்குத் தாமதிக்காமல் அழைக்க வேண்டும்.

உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். ஒருவர் பெயரில் 9 சிம் வரை அனுமதி. தெரியாத நம்பர் பட்டியலில் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம்.

ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்

* கட்டணமோ, ஊரில் சிக்னலோ சரியில்லை: மொபைல் டு மொபைல் போர்ட். 1900-க்கு மெசேஜ்.
* ஊரில் சிக்னல் இருக்கிறது, வீட்டுக்குள் மட்டும் இல்லை: வைஃபை காலிங். போர்ட் வேண்டாம்.
* ஒரே நம்பரைப் பலர் எடுக்க வேண்டும்: கிளவுட் டெலிபோனியில் தனி நம்பர், மொபைலில் கால் ஃபார்வர்டிங்.
* வெளிநாடு போகிறீர்கள்: சிம்மை உயிரோடு வைத்திருங்கள்.
* யாராவது யு.பி.சி. கேட்கிறார்கள்: சொல்லாதீர்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, அப்பா அம்மாவின் போனை வாங்கி இரண்டு வேலைகளை மட்டும் செய்துவிட்டு வாருங்கள். வைஃபை காலிங்கை ஆன் செய்வது ஒன்று. அந்த சிம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்ப்பது இன்னொன்று. எப்போதோ பக்கத்து வீட்டுக்காரர் பெயரிலோ, கடைக்காரர் கொடுத்த ஆவணத்திலோ வாங்கிய சிம்மாக இருந்தால், போர்ட், மாற்று சிம் எதற்கும் ஓ.டி.பி.-யும் கே.ஒய்.சி.-யும் அந்த ஆளைத் தேடும். அதைச் சரிசெய்ய, நம்பர் வேலை செய்துகொண்டிருக்கும் இந்த நேரம்தான் சரியான நேரம்.